வெறுங்கையோடு எப்படிப் போவது?

போன கிழமை நிருஷாவை ஆஸ்பத்திரி வார்ட் வாசலில் நிறுத்திவைத்துவிட்டு நாம் நம்முடைய வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். டொக்டர் இரத்தப் பரிசோதனைத் தாளைத் தூக்கிக் காட்டி, வீட்டிலிருந்து என்னதான் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். வார்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருப்பாள் என்று நினைக்க வேண்டாம். நிற்க அவளுக்கு எங்கே நேரம்? வெள்ளவத்தைக்கு வந்து, வேலை செய்யாத லிப்டைத் திட்டிக்கொண்டு நாலு மாடி ஏறி, மறுநாளுக்கு மரக்கறி வெட்டினாள். அதற்கு அடுத்த நாளும் வெட்டினாள். இன்று மாமனார் சிவானந்தன் ஆஸ்பத்திரியில் படுத்துப் பத்தொன்பதாவது நாள்.

அவருக்குச் சிறுநீரகம் பழுது. யாழ்ப்பாணத்தில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வரைபடம் கீறி ஓய்வுபெற்றவர். மனைவி காலமான பிறகு, மூன்று வருடமாகக் கொழும்பில் மகன் சாரங்கனோடும் மருமகள் நிருஷாவோடும் இருக்கிறார். அவருடைய இரத்தத்தில் பொட்டாசியம் முதல் பத்து நாளும் மெல்ல மெல்ல இறங்கியது. பிறகு என்ன கண் பட்டதோ, ஏறத் தொடங்கியது. இப்படியே ஏறினால் இதயம் நின்றுவிடக்கூடும் என்றார் டொக்டர். இறங்காவிட்டால் கழுத்தில் குழாய் போட்டு இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். ஒருமுறை தொடங்கினால் விடமுடியுமோ தெரியாது என்றும் சொன்னார்.

ஆகவே நிருஷா நாலரைக்கு எழும்புகிறாள். இரவே வெட்டி ஊறப்போட்ட கரட்டையும் போஞ்சியையும் அவிக்கிறாள். தண்ணீரை வடித்து ஊற்றுகிறாள். புதுத் தண்ணீரில் மறுபடி அவிக்கிறாள். அதையும் ஊற்றுகிறாள். பொட்டாசியம் தண்ணீரோடு போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த முறை அது. பொட்டாசியத்தோடு ருசியும் போய்விடுகிறது என்பதை அவர்கள் சொல்லவில்லை. அது சிவானந்தனின் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

அதனால் நேற்று அவள் ஒரு காரியம் செய்தாள். ஆஸ்பத்திரி தந்த பட்டியலை எழுத்தெழுத்தாகப் படித்து, அரிசியும் சீனியும் கொடுக்கலாம் என்று கண்டுபிடித்து, வேலையால் வந்த களைப்போடு நாலு அரியதரப் பணியாரம் சுட்டாள். மாமனாருக்கு அரியதரம் என்றால் உயிர்.

அந்தப் பட்டியல் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. அதன்படி அவள் கை பிசகவே இல்லை. அப்படியானால் இந்தப் பொட்டாசியம் எங்கிருந்து வருகிறது? நிருஷாவிடம் ஒரு பதில் இருந்தது. அந்தப் பதிலுக்குப் பெயர் அன்னபாக்கியம் மாமி. சிவானந்தனின் தமக்கை, கொட்டாஞ்சேனையில் மகள் வீட்டில் இருக்கிறவர், கையில் ஒரு துணிப்பை இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தறியாதவர்.

மாமியை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. நம்மவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோடு போகத் தெரியாது. முந்திரிகைப்பழமோ, தோடம்பழமோ, ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலோ இல்லாமல் போனால் நோயாளியின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருக்கும். நிருஷா வீட்டு அலுமாரியில் இப்போது ஐந்து ஹோர்லிக்ஸ் போத்தல்கள் நிற்கின்றன. அதிலொன்று, போன வருடம் அவளே வேறொரு நோயாளிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது.

"நிரு, பிளாஸ்க் எங்க?"

சாரங்கன் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றான்.

"தட்டில கவிட்டுக் கிடக்கு."

பச்சை மூடி போட்ட பிளாஸ்க். காலையில் ஆறு தொடக்கம் ஏழு வரை நோயாளியைப் பார்க்க விடுவார்கள். சாரங்கன் கோட்டையில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை செய்கிறான்; அங்கே போகும் வழியில் தகப்பனைப் பார்த்துவிட்டுப் போவான். ஆஸ்பத்திரி வாசல் தேநீர்க் கடையில் சுடுதண்ணீர் வாங்கி அவருக்கு முகம் துடைத்துவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

அதில் நிருஷாவுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். தகப்பனும் மகனும் மூன்று வருடமாக அவளை நடுவில் வைத்தே கதைத்தவர்கள். ஒரே மேசையில் இருந்துகொண்டு, "அப்பாவைக் குளிசையைப் போடச் சொல்லும்" என்பான் இவன். "அவனை அந்த ரீவியைக் குறைக்கச் சொல்லு பிள்ளை" என்பார் அவர். சண்டை ஒன்றும் இல்லை. கதைக்கத் தெரியாது, அவ்வளவுதான். இப்போது ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் அவர்கள் இருவரும் தனியே.

"இண்டைக்கு ரத்தம் எடுக்கினம். இறங்காட்டி நாளைக்குக் கழுத்தில குழாய் போடுவினம் எண்டவை" என்றாள்.

"இறங்கும். நீர் யோசியாதையும்."

அவன் அவ்வளவு உறுதியாகச் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. பிளாஸ்க் மூடியின் உள்விளிம்பில் நேற்று வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்ததைப் பற்றி அப்போது அவள் நினைக்கவில்லை. தேங்காய் துருவும்போது தெறித்திருக்கும் என்று நகத்தால் சுரண்டிக் கழுவிவிட்டிருந்தாள்.

*

நிருஷாவுக்கு வேலை காலி வீதியில். கனடாவுக்கும் லண்டனுக்கும் போகிறவர்களின் விசாப் படிவங்களை நிரப்பிக்கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகம். பதினொன்றேகாலுக்குக் கதிரையை விட்டு எழும்பினால், இரண்டு பஸ் மாறி, பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசல் திறக்கும்போது அங்கே நிற்கலாம். பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தால் நித்திரை வந்துவிடும் என்று பயந்து நின்றுகொண்டே போவாள்.

அன்று அவள் வார்டுக்குள் போனபோது அன்னபாக்கியம் மாமி அவளுக்கு முன்பே வந்துவிட்டார். துணிப்பையிலிருந்து ஒரு போத்தல் வெளியே வந்துகொண்டிருந்தது. உள்ளே பச்சை நிறத்தில் இலைக்கஞ்சி.

"தம்பி, எழும்பு. உனக்கெண்டு காய்ச்சினனான். சூடு ஆறமுந்தி ரெண்டு வாய் குடி."

"மாமி, அதைக் குடுக்கேலாது."

"ஏன் ஏலாது? கீரைதானே பிள்ளை, நஞ்சே?"

"அவருக்கு நஞ்சுதான். எத்தினை தரம் சொன்னனான்?"

மாமி போத்தலை மடியில் வைத்துக்கொண்டு குரலை உயர்த்தினார். பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்கட்டும் என்றுதான்.

"என்ர தம்பி எப்பிடி இருந்த ஆள்! நீ அவிச்சு அவிச்சுத் தண்ணியை ஊத்திப்போட்டுச் சக்கையைக் கொண்டு வாறாய். மாட்டுக்குக்கூட ஆரும் உப்பிடிக் குடுக்கமாட்டினம். மனுசன் எலும்பும் தோலுமாப் போச்சு. நான் அவன்ர மகளுக்குக் கனடாவுக்குப் போன் பண்ணிச் சொல்லத்தான் போறன்."

நிருஷா களைத்திருந்தாள். களைத்தவர்களுக்குக் கோபம் சுருக்காக வரும்.

"நீங்கள் ஒளிச்சுக் குடுக்கிறதாலதான் மாமி ஏறுது. தோடம்பழச் சாறு குடுத்தனீங்களோ இல்லையோ?"

"ஒரு நாள்! ஒரே ஒரு நாள்! அதுவும் நீ பேசினாப் பிறகு ஒரு சொட்டுக் குடுக்கேல்லை. ஒளிச்சுக் குடுக்கிறவள் எண்டால் உனக்கு முன்னால போத்திலை எடுப்பனோ?"

"பிறகேன் ஏறுது? பொட்டாசியம் என்ன, காத்தில வருதே? நீங்கள் அவரைச் சாக்கொல்லப் போறியள்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவளுக்கே கேட்டது. ஆனால் நிறுத்த முடியவில்லை. போத்தலைப் பிடுங்கி, கை கழுவும் தொட்டிக்குக் கொண்டுபோய், கடைசிச் சொட்டுவரை ஊற்றினாள். வெற்றுப் போத்தலைக் கொண்டுவந்து மாமியின் பையில் வைத்தாள்.

மாமி அழுதார். சத்தம் போடுகிற மனுஷி சத்தமில்லாமல் அழுதது பார்க்கப் பாவமாக இருந்தது. "சரி பிள்ளை. இனி நான் வரேல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

இவ்வளவு நேரமும் சிவானந்தன் மேலே கூரை மோட்டையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

நிருஷா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். இரண்டு கரண்டி சோறு, அவிந்து வெளிறிய கரட். அவர் கடமைக்கு மென்று விழுங்கினார். பிறகு அவள் சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினாள்.

"அரியதரமோ?" அவர் முகம் விரிந்தது. "நீ சுட்டதோ பிள்ளை? இந்தக் களைப்புக்கையோ?"

"ஒண்டு சாப்பிடலாம் மாமா. லிஸ்ற்றைப் பாத்துப்போட்டுத்தான் சுட்டனான்."

அவர் கையில் எடுத்து மணந்து பார்த்தார். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் தாதி வந்துவிட்டாள். கையில் காலையில் எடுத்த இரத்தத்தின் முடிவு. ஆறு தசம் ஏழு. போன தடவையைவிட அதிகம்.

"கெதர கேம தென்ன எப்பா" என்றாள். இனி வீட்டுச் சாப்பாடு ஒன்றும் கொடுக்கக்கூடாது, ஆஸ்பத்திரிச் சாப்பாடு மட்டும்தான், டொக்டர் எழுதிவிட்டார். நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கழுத்தில் குழாய். வீட்டார் யாராவது கையெழுத்து வைக்கவேண்டும்.

சிவானந்தன் அரியதரத்தைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார். நிருஷா மூடியை அழுத்தி மூடினாள். பத்தொன்பது நாள் நாலரை மணிக்கு எழும்பியதெல்லாம் வீண் என்று அவளுக்குத் தோன்றியது. வெளியே போய் விறாந்தைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

யாரோ முதுகைத் தடவினார்கள். பக்கத்துக் கட்டில் ஸாலிஹ் நானாவின் மனைவி ரபீக்கா. கொம்பனித்தெருவிலிருந்து காலையும் மத்தியானமும் கணவனுக்குக் கஞ்சி கொண்டுவருகிறவர்.

"அழாதீங்க மக. அல்லாஹ் லேசாக்குவான். ஒங்கட மாமாக்கு என்னத்துக்கு கொற? ஒங்களப் போல மருமக, அந்த மாதிரி மகன். நான் பாத்துக்கிட்டுத்தானே ஈக்கிறன்."

நிருஷா கண்ணைத் துடைத்தாள்.

"காலேல வந்து அந்தப் பச்ச மூடி பிளாஸ்க்ல ஈக்கிற தெம்பிலிய கரண்டி கரண்டியா பருக்கிட்டுத்தான் வேலக்கிப் போறாரு. ஒரு நாள் சரி தவறினல்ல. எங்கட புள்ளகளும் ஈக்கே, எட்டிப் பாக்கிறல்ல."

"என்னத்தைப் பருக்கிறவர்?"

"தெம்பிலி. கேட் கிட்ட ஈக்கிற வண்டியில வெட்டிக் கொணார. ஒரு கெழமக்கி மேல ஈக்கும்."

நிருஷா நேற்றுக் கழுவிய பிளாஸ்க்கை நினைத்தாள். மூடியில் ஒட்டியிருந்தது தேங்காய்த் துருவல் அல்ல. இளநீர் வழுக்கல். பட்டியலில் கொடுக்கக்கூடாதவை என்ற பக்கத்தில் மூன்றாவது வரியே அதுதான். இளநீரைப் போலப் பொட்டாசியம் நிறைந்த பொருள் அந்தப் பட்டியலிலேயே குறைவு.

அவளுக்குக் கணவன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்து நின்றது. கதவினூடாகப் பார்த்தால் அந்தத் தொட்டி தெரிந்தது. அதன் விளிம்பில் மாமியின் கஞ்சி இன்னும் பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

ரபீக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நிருஷா அவர் கையை ஒருமுறை பிடித்து அழுத்திவிட்டு, தொலைபேசியை எடுத்தாள்.

"இப்ப வாங்கோ."

"நிரு, நான் மீற்றிங்கில..."

"இப்ப."

*

சாரங்கன் இருபது நிமிடத்தில் ஓட்டோவில் வந்து இறங்கினான். தகப்பனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து வந்தவன். அவன் முகம் செத்துப்போயிருந்தது. நிருஷா ஆஸ்பத்திரி வாசலில், தெம்பிலி வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

அவன் வாய் திறப்பதற்கு முன் வண்டிக்காரன் கத்தியைக் கையில் எடுத்துச் சிரித்தான். "மஹத்தயா, அத தெவெனி எக்கத?"

இன்றைக்கு இது இரண்டாவதா என்று கேட்கிறான். தினமும் வாங்குகிறவரிடம் கேட்கிற கேள்விதான். சாரங்கன் வண்டிக்காரனைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான்.

"எத்தினை நாளாக் குடுக்கிறியள்?" என்றாள் நிருஷா.

"எட்டு நாள். ஏன்? அப்பாவுக்கு என்ன?"

"பிரிட்ஜில லிஸ்ற் ஒட்டிக் கிடக்கு. பாக்கேல்லையோ?"

"அது சாப்பாட்டு லிஸ்ற் எல்லே? சமைக்கிறது நீர்தானே எண்டு நான் பாக்கேல்லை. இது சாப்பாடில்லை நிரு. மருந்து மாதிரி. சலம் போகாட்டி இளநீர்தானே குடுக்கிறது? எனக்குச் சலக்கடுப்பெண்டால் அப்பா இதைத்தானே வெட்டித் தந்தவர்."

"சுடுதண்ணி எண்டு சொன்னனீங்கள்."

"உமக்குச் சொன்னா, டொக்டர் சொன்ன தண்ணி அளவு கூடிப்போகும் எண்டு மறிப்பீர். அதுக்குத்தான் அவற்ற தண்ணிப் போத்தில்ல அந்தளவைக் குறைச்சுப்போட்டுக் குடுத்தனான். அளவு தப்பேல்லை."

அவன் பொய் சொல்லவில்லை. அளந்து அளந்துதான் கொடுத்திருக்கிறான். அதுதான் அவளுக்குத் தாங்கமுடியவில்லை.

"அந்தத் தெம்பிலியாலதான் ஏறினது" என்றாள். "நான் ரெண்டு தண்ணியில அவிச்சு ஊத்தினதையெல்லாம் நீங்கள் காலமை பிளாஸ்க்கில திருப்பிக் கொண்டுபோய்க் குடுத்திருக்கிறியள். ஆறு தசம் ஏழு. நாளைக்குக் காலமை குழாய் போடப் போயினம்."

சாரங்கன் நடைபாதை ஓரத்தில் அப்படியே குந்திவிட்டான். அலுவலகச் சப்பாத்தோடும் கழுத்துப் பட்டியோடும் அவன் குந்தியிருந்ததைப் போகிறவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"நானோ?" என்றான். "நானோ நிரு?"

அவள் அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீர் நாலரைக்கு எழும்பிச் சமைக்கிறீர். மாமி அந்த வயசில கஞ்சி காய்ச்சிக்கொண்டு வாறா. நான் என்ன செய்தனான்? எனக்கு ஒரு முட்டை அவிக்கத் தெரியாது. வெறுங்கையோட எப்பிடிப் போறது? போனாலும், இருந்து என்னத்தைக் கதைக்கிறது?"

கோபம் இருந்த இடத்தில் அவளுக்குச் சோர்வு வந்து உட்கார்ந்துகொண்டது. அவன் தோளைத் தொட்டாள்.

"எழும்புங்கோ. டொக்டரிட்டச் சொல்லவேணும்."

"நீர் சொல்லும். எனக்கு ஏலாது."

"மூண்டு வருசமா உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில நான்தான் கதைச்சனான். இதை நான் சொல்லமாட்டன்."

*

பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது. காவலாளியிடம் கெஞ்சி உள்ளே போனார்கள். இளம் டொக்டர் சிவானந்தனின் கட்டிலருகே நின்று குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். சாரங்கன் அவர் முன்னால் போய் நின்று, தொண்டையைச் செருமி, ஆங்கிலத்தில் சொன்னான். என்ன கொடுத்தான், எத்தனை நாள், எவ்வளவு.

தினமும் அரை லீற்றர் என்றபோது டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். ஏசுவார் என்று நிருஷா எதிர்பார்த்தாள். அவர் ஏசவில்லை. சொன்னது நல்லது, இப்போதாவது காரணம் தெரிந்தது என்றார். இன்று மருந்து கூட்டிக் கொடுத்து இரவு முழுக்கக் கவனிப்பார்கள். நாளைக் காலை ஆறு மணிக்கு மறுபடி இரத்தம் எடுப்பார்கள். இறங்கியிருந்தால் குழாய் வேண்டாம். இறங்காவிட்டால் ஒன்பது மணிக்குக் குழாய்தான். எதற்கும் கையெழுத்தை இப்போதே வைத்துவிட்டுப் போகட்டும் என்று சாரங்கனை மேசைக்கு அழைத்துப் போனார்.

போகும்போது அவன் தகப்பனைப் பார்க்கவில்லை.

"பிள்ளை" என்றார் சிவானந்தன். "அவனை ஏசாதை."

"நான் ஏசேல்லை மாமா. அவருக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"தெம்பிலி கூடாதெண்டு. வந்த முதல் நாளே நேர்ஸ் மிஸ் எனக்குச் சொன்னவ."

நிருஷா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்சுகொண்டோ குடிச்சனீங்கள்?"

அவர் மெல்லச் சொன்னார். "பருக்கேக்க அவன் கதைச்சவன். மனேஜர் ஏசினதைச் சொன்னவன். கதிரையில இருந்து இருந்து தனக்கு நாரி நோகுதெண்டவன். அம்மா இருந்திருந்தா எண்டு ஒரு நாள் சொல்லிப்போட்டு அழுதவன். பிளாஸ்க் முடியிற வரைக்கும் இருப்பான். நான் வேண்டாமெண்டால் மூடிக்கொண்டு எழும்பியிடுவான். எனக்குத் தெரியும் அவனை."

வேறு எந்த நேரத்தில் இதைக் கேட்டிருந்தாலும் நிருஷாவின் மனம் இளகியிருக்கும். இன்று இளகவில்லை.

"அப்ப நான், மாமா?" என்றாள். "எட்டு நாளா எல்லாரும் என்னைத்தான் கேட்டவை. டொக்டர் கேட்டவர். மாமி கேட்டவ. கனடாவில இருந்து உங்கட மகள் கேட்டவ. இண்டைக்கு மாமியைக் கொலைகாரி எண்ட மாதிரிப் பேசி அழவைச்சு அனுப்பினன். நீங்கள் மோட்டைப் பாத்துக்கொண்டு படுத்திருந்தனீங்கள்."

"பிழைதான்" என்றார். கண்ணோரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. "பிழைதான் பிள்ளை. மாப்புத் தா."

அவள் கைலேஞ்சியை எடுத்து அவர் காதைத் துடைத்துவிட்டாள். மன்னித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை, சொல்லவுமில்லை.

மேசையில் சாரங்கன் குனிந்து கையெழுத்து வைப்பதை இருவரும் பார்த்தார்கள்.

"நாளைக்குக் காலமை ஒண்டும் கொண்டுவரக்கூடாதெல்லே?" என்றார் சிவானந்தன்.

"ஓம் மாமா."

"அப்ப, அவன் வருவானோ?"

நிருஷா யோசித்துப் பார்த்தாள். அவனுக்காகப் பதில் சொல்லி அவளுக்குப் பழக்கம்தான்.

"தெரியாது மாமா" என்றாள்.

*

மாலையில் வீட்டுக்கு வரும் வழியில், பஸ் தரிப்பில் நின்றபடி அவள் அன்னபாக்கியம் மாமிக்குப் போன் எடுத்தாள். மூன்று தரம் அடித்தது. நாலாம் தரம் எடுத்தார்.

நிருஷா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள்.

"பேசினது வார்டில எல்லாருக்கும் கேட்டது" என்றார் மாமி. "மாப்புக் கேக்கிறது மட்டும் எனக்குத் தனியவோ? நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு வாறன். அங்க நிண்டு சொல்லு." வைக்கப்போனவர் மறுபடி பேசினார். "நீ சாப்பிட்டனியோ?"

"இல்லை மாமி."

"சாப்பிடு" என்று அதட்டிவிட்டு வைத்தார்.

வீட்டில் அன்று மரக்கறி வெட்டத் தேவையில்லை. அது நிருஷாவுக்கு விடுதலையாக இருக்கும் என்று நினைத்தால், என்ன செய்வதென்று தெரியாமல் சமையலறையில் சும்மா நின்றாள். பிறகு கூடத்துச் சோபாவில் சரிந்தாள். அரியதரப் பெட்டி மூடியபடி மேசையில் இருந்தது.

சாரங்கன் குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நின்று பட்டியலைப் படித்தான். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விரல் வைத்து, பிறகு திரும்பவும் முதலிலிருந்து. பச்சை மூடி பிளாஸ்க்கைக் கழுவித் துடைத்து, கதிரை போட்டு ஏறி, அலுமாரியின் மேல் ஹோர்லிக்ஸ் போத்தல்களுக்குப் பின்னால் வைத்தான்.

"நிரு."

"ம்."

"அப்பா ஏதும் சொன்னவரோ?"

அவள் கண்ணைத் திறக்காமலே இருந்தாள். இந்தத் தடவை இவருக்கும் அவருக்கும் நடுவில் நிற்க அவளுக்குத் தெம்பில்லை.

"காலமை போய்க் கேளுங்கோ."

அவன் எதிர்க் கதிரையில் வந்து இருந்தான். தொலைபேசியை எடுத்து நாலே முக்காலுக்கு அலாரம் வைக்கும் சின்னச் சத்தம் அவளுக்குக் கேட்டது. சிறிது நேரத்தில் அதை நிறுத்தும் சத்தமும் கேட்டது.

மணி எட்டுக்கூட ஆகவில்லை. அவன் மறுபடி அலாரம் வைக்கிறானா என்று கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் பத்தொன்பது நாள் நித்திரை அவளை அதற்கு விடவில்லை.